ஒரு பசுவும் இருபது பேர்ச்சஸ் புல்லும்

ஒரு பசுமாடு ஓராண்டு முழுவதும் போடும் சாணத்தில் எத்தனை மூடை யூரியா இருக்கிறது? கணக்குப் போடுவது எளிது. கண்டிப் பக்கத்துக் கொட்டில்களில் கட்டியிருக்கும் நடுத்தர எடையுள்ள கலப்பினப் பசு நாளுக்கு ஏறத்தாழ 20 கிலோ சாணம் போடும். ஆண்டுக்கு ஏழு தொன்னுக்குச் சற்று மேல். பார்த்தால் பெரிய குவியல்தான். ஆனால் அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். நைதரசன் நூற்றுக்கு 0.4 பங்கு அளவில்தான் இருக்கும். ஆக, மொத்தக் குவியலுக்குள் 29 கிலோ நைதரசன். 50 கிலோ யூரியா மூடை ஒன்றிலோ 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஒன்றேகால் மூடை: இதுதான் விடை.

2021 மே மாதம் இலங்கை அரசு, இனிச் சேதனப் பசளையே போதும் என்று, ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. விவசாய விஞ்ஞானிகள் பலர் இதுபோன்ற கணக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். எடுபடவில்லை. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கே ஏறத்தாழ இரண்டு மூடை யூரியா போகும். ஒரு மாட்டின் ஓராண்டுச் சாணம் முழுவதையும், ஒரு கூடை சிந்தாமல் அள்ளிக் கொட்டினாலும், ஒரு ஏக்கரின் ஒரு போகம் நிறையாது. நாட்டிலுள்ள மாடுகளில் பெரும்பகுதி உலர்வலயத்தில் மேய்ந்து திரிபவை. அவற்றின் சாணம் விழுவது குளக்கட்டிலும் காட்டோரத்திலும். விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது, ஆனாலும் அடுத்த அறுவடையில் விளைச்சல் சரிந்தது. மாட்டெருவும் சேதனப் பசளையும் வெறும் பேச்சு என்ற எண்ணம் பலருக்கு அந்த ஆண்டோடு வந்துவிட்டது.

அந்த எண்ணமும் சரியல்ல. அதைக் காட்டுவதற்குக் கண்டியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. மாடும் மரமும் பயிரும் இங்கே நூற்றாண்டுகளாக ஒரே வளவுக்குள் இருந்து வருகின்றன. பேராதனையிலும் கன்னொறுவையிலும் நாட்டின் முதன்மையான விவசாய, கால்நடை ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. மாட்டையும் பயிரையும் சேர்த்து வளர்ப்பது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்றுகள் உண்டு.

உடுநுவர, யட்டிநுவர பக்கத்தில் மேட்டில் நின்று பார்ப்பவர்களுக்கு ஊர் தெரியாது, காடுதான் தெரியும். தென்னை, கமுகு, கித்துள் எல்லாவற்றுக்கும் மேலே தலையை நீட்டியிருக்கும். அதற்குக் கீழே பலா, ஈரப்பலா, மா, தூரியன், சாதிக்காய், கராம்பு. அதற்கும் கீழே கோப்பி, கொக்கோ, வாழை. மரங்களில் படரும் மிளகு. தரையில் இஞ்சி, மஞ்சள், மரவள்ளி, கிழங்கு வகைகள். கண்டி வனத்தோட்டம் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்த வளவுகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓர் ஏக்கருக்குக் குறைந்தவை. ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் கைதியாக இருந்தவர். கண்டிக்கு அருகே எலதெத்தையில் நிலம் வாங்கி, வீடு கட்டி, கோழியும் பன்றியும் வளர்த்துப் பிழைத்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் பலாவும் பாக்கும் கித்துளும் வருகின்றன. நெற்கதிரை மிதிக்கும் மாடுகளும் வருகின்றன. இன்றைய வளவின் அடிப்படை அமைப்பு அப்போதே இருந்திருக்கிறது.

இந்தத் தோட்டம் மண்ணை எப்படிக் காக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1980களில் மேல் மகாவலி நீரேந்துப் பகுதியில் விவசாயத் திணைக்களத்தின் நிலப்பயன்பாட்டு ஆய்வாளர்கள் மண்ணரிப்பை அளந்தார்கள். மண் காப்பு வேலைகள் இல்லாத புகையிலை நிலத்தில் எக்டேருக்கு ஆண்டுக்கு 70 தொன் மண் அடித்துச் செல்லப்பட்டது. பராமரிப்பில்லாத பழைய தேயிலையில் 52 தொன். கலப்பு வீட்டுத்தோட்டத்தில் 0.05 தொன், அதாவது 50 கிலோ. தேயிலையில் போவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரித்துப் போன மண் எங்கே போனது என்பதும் ஒளிவுமறைவில்லை. 1976இல் மகாவலியைத் திருப்பக் கட்டிய பொல்கொல்லைத் தடுப்பணையின் நீர்த்தேக்கம் பன்னிரண்டு ஆண்டுகளில் தன் கொள்ளளவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சேற்றுக்குக் கொடுத்துவிட்டது.

ஆகவே மண் காப்பில் தோட்டத்துக்குப் போட்டியில்லை. ஆனால் மண்ணைக் காப்பது வேறு, குடும்பத்தைக் காப்பது வேறு. மிளகும் கராம்பும் ஆண்டில் சில வாரங்களில்தான் காசு கொடுக்கும். பால் மாதாமாதம் கொடுக்கும். சில இடங்களில் வாராவாரம். வளவுக்குள் மாடு வருவதற்கு முதல் காரணம் பசளையல்ல, பால் காசு. பசளை அதன் பின்னால் வருவது. இதை மறந்துவிட்டு மாட்டெருவின் பெருமையை மட்டும் பேசும் திட்டங்கள் நெடுநாள் நிற்பதில்லை.

பழைய கண்டியில் மாட்டுக்கென்று தனியாகப் புல் வளர்க்கத் தேவை இருக்கவில்லை. ஊருக்கு மேலே காடும் புல்வெளியும் இருந்தன. மாடுகள் பகலில் அங்கே மேய்ந்து, இரவில் ஊருக்கு வந்து சாணம் போட்டன. மேட்டிலிருந்த சத்து மாட்டின் வயிற்றில் ஏறி வயலுக்கும் வளவுக்கும் இறங்கியது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் மேட்டுநிலத்தையும் அரசுடைமையாக்கியது. அவை கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊர் மாடுகள் கோப்பிக்குள் நுழைந்தன; துரைமார் அவற்றைப் பிடித்துக் கட்டினார்கள்; வழக்குகள் நடந்தன. வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் மண் களைத்துப் போனதும் அதே துரைமார் எருவுக்காகத் தோட்டத்துக்குள்ளேயே மாட்டுப்பட்டிகள் அமைத்து, கினிப்புல் வளர்த்து, மாடு கட்டினார்கள். 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டு, கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. தேயிலையோடு மூடைப் பசளையும் வந்தது. எருவுக்காக மாடு வளர்க்கும் தேவை தோட்ட நிர்வாகங்களுக்கு இல்லாமல் போயிற்று.

இன்றைய வளவுக்காரருக்குக் காடும் இல்லை, பட்டியும் இல்லை. ஒன்றோ இரண்டோ மாடு, கொட்டிலில் கட்டியபடி. நாளுக்கு 35 கிலோவுக்குக் குறையாத பச்சைப்புல் வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவருவது?

ஒரு வழி, கோ-3. கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒட்டுப்புல் இது. இப்போது இலங்கையின் பால்மாட்டுக்காரர்கள் எல்லாரும் அறிந்த பெயர். நன்றாகக் கவனித்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 200 தொன் பச்சைப்புல் எடுக்கலாம். இருபது பேர்ச்சஸ், அதாவது ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு நிலத்தில், பத்துத் தொன். நாளுக்கு 27 கிலோ. மீதியை வீதியோரத்தில் அறுத்துக்கொள்ளலாம். நல்ல செய்திதானே?

இங்கேதான் கணக்கு வில்லங்கமாகிறது. அந்தப் பத்துத் தொன் புல்லில் உலர்பொருள் 1.8 தொன் அளவு. அதில் நைதரசன் ஏறத்தாழ 29 கிலோ. முதல் பத்தியில் வந்த அதே 29. மாட்டின் ஓராண்டுச் சாணம் முழுவதும் அந்த மாட்டின் புல்பாத்திக்கே சரியாகப் போய்விடுகிறது. மிளகுக்கும் வாழைக்கும் ஒரு கூடைகூட மிஞ்சாது. மிளகுக்கு எருவைப் போட்டுவிட்டுப் புல்லை மறந்தால், மூன்றாவது நாலாவது ஆண்டில் புல் மெலிந்து, தண்டு ஊசியாகி, இலை மஞ்சளாகும். கோ-3 இரண்டு வருடம் நன்றாக வந்து பிறகு ‘கைவிட்டுவிட்டது’ என்று சொல்லும் வீடுகள் ஏராளம். புல் கைவிடவில்லை. பசியோடு விடப்பட்டது.

பசு பசளையை உண்டாக்கும் ஆலையல்ல, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றி இறக்கும் வண்டி. வளவுக்குள் இருப்பதை வளவுக்குள்ளேயே சுற்றவிட்டால் மொத்தம் கூடாது. சுற்றும்போது கொஞ்சம் சிந்தும். எனவே இந்தப் பண்ணை நிலைத்து நிற்குமா என்று கேட்பவர்கள் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: வெளியிலிருந்து உள்ளே வருவது என்ன? சுற்றும்போது சிந்துவது எவ்வளவு?

உள்ளே வருவதில் முதலாவது, பலர் பசளையாக நினைத்தே பார்க்காத ஒன்று: பிண்ணாக்கு. தேங்காய்ப் பிண்ணாக்கில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். நாளுக்கு இரண்டு கிலோ கொடுத்தால் ஆண்டில் 730 கிலோ. அதற்குள் 23 கிலோ நைதரசன், ஒரு மூடை யூரியாவுக்குச் சரியான அளவு. பாலில் வெளியேறுவது கொஞ்சம்தான். நாளுக்கு ஆறு லீற்றர் வீதம் 300 நாள் கறந்தாலும் அந்தப் பாலோடு போவது பத்துக் கிலோவைத் தாண்டாது. மீதியெல்லாம் சாணமாகவும் சலமாகவும் கொட்டிலில் விழுகிறது. குருநாகல் பக்கத்துத் தென்னந்தோட்டத்தின் மண்சத்து பிண்ணாக்குச் சாக்கில் கண்டிக்கு ஏறி வந்து மிளகுக் கொடியின் காலடியில் இறங்குகிறது. பண்ணை தன் காலில் தானே நிற்கிறது என்று இதைச் சொல்வது சரியா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தென்னைக்கு யாராவது திருப்பிக் கொடுத்தால்தான் அந்தச் சங்கிலி முழுமை பெறும். வீதியோரப் புல்லும் அப்படித்தான்: அது பொதுநிலத்தின் சத்து.

இரண்டாவது வரவுதான் உண்மையிலேயே புதியது. அது காற்றிலிருந்து வருவது. கண்டி, மாத்தளைப் பகுதியில் மிளகுக் கொடி ஏறுவதற்கு நடும் மரம் பெரும்பாலும் சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசிடியா. வேலியிலும் அதுதான். தடியை வெட்டி ஊன்றினால் போதும், தளிர்த்துவிடும். அவரைக் குடும்பத்து மரமாகையால் அதன் வேர்முண்டுகளில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. உலர்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று முதல் நாலு பங்கு நைதரசன் இருக்கும். ஆண்டுக்கு மூன்று தடவை கிளை வெட்டினால் நூறு மரங்களிலிருந்து ஒன்று முதல் இரண்டு தொன் பச்சைக்குழை கிடைக்கும். அதில் எட்டு முதல் பதினாறு கிலோ நைதரசன். அதில் கணிசமான பங்கு அந்த வளவில் முன்பு இல்லாதது. மழைக்கு முன் வெட்டுவதால் மிளகுக்கு வெளிச்சமும் கிடைக்கிறது. ஒரு வேலையில் இரண்டு பலன்.

வெட்டிய குழையை மாட்டுக்குப் போடுவதா, மண்ணில் போடுவதா? பேராதனையில் மண்ணியல் படித்தவரும் கால்நடை படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இந்த வாதம் முடியாது. மண்ணில் போட்டால் முழுவதும் மண்ணுக்கு. உக்கும் காலத்தில் தரையை மூடி மழைத்துளியின் அடியையும் தாங்கும். மாட்டுக்குப் போட்டால் புரதம் பாலாகிறது, ஆனால் வயிற்றுக்குள் நுண்ணுயிர்கள் செரித்த காபன் மூச்சிலும் ஏப்பத்திலும் போய்விடும், மண்ணுக்கு மீதிதான். வறண்ட மாதங்களில் புல் முற்றிச் சத்துக் குறைந்திருக்கும்போது குழை மாட்டுக்கு, மழைக்காலத்தில் மண்ணுக்கு என்று பிரித்துக்கொள்வதே நியாயமான ஏற்பாடு. பழக்கமில்லாத மாடு அதன் வாடைக்கு முகத்தைத் திருப்பும். ஒருநாள் வாடவிட்டுப் புல்லோடு கலந்து கொடுத்தால் சில நாளில் பழகிவிடும். குழையைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, சிந்துவது. இங்கேதான் பெரும்பாலான கண்டிக் கொட்டில்கள் தோற்கின்றன, அதுவும் கண்ணுக்கு முன்னாலேயே. மேலே சொன்ன பசுவின் வரவுசெலவைக் கூட்டிப் பார்த்தால் சாணத்தில் போகும் 29 கிலோ போக, சலத்தில் இன்னொரு இருபது கிலோ நைதரசன் போகிறது. ஏறக்குறைய ஒரு மூடை யூரியா. வேதியியல் முறையில் சொன்னாலும் அது யூரியாவேதான். பொற்றாசியத்தின் பெரும்பகுதியும் சலத்தில்தான். வாழையும் தென்னையும் அதிகம் கேட்பது அதைத்தான். மண்தரைக் கொட்டிலில் சலம் சேறாகிப் போகிறது. சாணத்தோடு கலந்தவுடன் அதிலுள்ள நொதியம் யூரியாவை அமோனியாவாக உடைக்கத் தொடங்கும். கொட்டிலுக்குள் மூக்கைக் குத்தும் அந்த நெடி, காற்றில் பறக்கும் நைதரசன். காலையில் கொட்டிலைக் கழுவி வாய்க்காலில் விடும் வீடுகளில் மீதியும் மகாவலிக்குப் போய்ச் சேரும்.

வெளியே திறந்த குவியலாகக் கிடக்கும் சாணத்தின் கதையும் அதுதான். கண்டியில் தென்மேல் பருவமழையும் உண்டு, வடகீழ் பருவமழையும் உண்டு, இரண்டுக்கும் இடையில் மாலை நேர இடிமழையும் உண்டு. ஆண்டில் இரண்டு மீற்றர் அளவுக்கு மழை விழும் ஊரில் கூரையில்லாத எருக்குவியல், ஆறு மாதத்தில் நிறம் கறுத்து, பார்க்க அருமையான எருவாகத் தெரியும். அதற்குள் பொற்றாசியமும் கரையக்கூடிய நைதரசனும் கரைந்து ஓடியிருக்கும். நாலு தகரமும் நாலு கமுகந்தடியும் போட்ட ஒரு கூரை, சீமெந்துத் தரை, ஒரு சாய்வு வாய்க்கால், கடைசியில் மூடிய ஒரு குழி. மாடு சேர்ந்த சிறுபண்ணைக்கு இதைவிட இலாபமான முதலீடு வேறு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் உதவித் திட்டங்கள் கொடுப்பது பெரும்பாலும் மாட்டை. கூரையோடு நின்று படம் பிடித்தால் பத்திரிகையில் எடுபடாது போலும்.

பால்மாட்டைப் பற்றி எழுதும்போது மெதேனைத் தவிர்க்க முடியாது. இந்த அளவுள்ள பசு ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 கிலோ மெதேனை ஏப்பமாக விடும். நூறாண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைப் போல 27 மடங்கு சூடாக்கும். ஆறு லீற்றர் கறக்கும் மாடும் பன்னிரண்டு லீற்றர் கறக்கும் மாடும் விடும் மெதேனில் பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் ஒரு லீற்றர் பாலுக்குப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. ஆகவே இரண்டு மெலிந்த மாட்டைவிட வயிறு நிறைந்த ஒரு மாடு வளிமண்டலத்துக்கும் நல்லது, புல் சுமப்பவரின் முதுகுக்கும் நல்லது.

ஏப்பத்தைப் பிடிக்க வழியில்லை, சாணத்திலிருந்து வருவதைப் பிடிக்கலாம். 20 கிலோ சாணம் முக்கால் கனமீற்றர் சாண எரிவாயு தரும். இரண்டு மாட்டுச் சாணத்தில் ஒன்றரைக் கனமீற்றர். சின்னக் குடும்பத்தின் அடுப்பு எரியும். வெப்ப அளவில் பார்த்தால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 28 கனமீற்றருக்குச் சமம், அதாவது இரண்டு மாடு பத்தொன்பது நாளில் ஒரு சிலிண்டரை நிரப்புகிறது. 2022இல் சிலிண்டருக்காகத் தெருத்தெருவாக வரிசையில் நின்ற நாட்டில் இது சின்ன விடயமல்ல. எரிவாயுத் தொட்டியிலிருந்து வெளிவரும் கரைசலில் நைதரசன் குறைவின்றி இருக்கும். ஒரே எச்சரிக்கை: தொட்டி கசிந்தால் அடுப்பும் எரியாது, மெதேனும் நேரே வானத்துக்குப் போகும். விரிசல் விட்டு மூடிக் கிடக்கும் தொட்டிகளை மலைநாட்டில் யாரும் காணலாம். கட்டிக்கொடுத்தவர்கள் பழுதுபார்க்க வருவதில்லை.

சரியான விஞ்ஞானமும் தவறான இடத்தில் தோற்கும் என்பதற்குக் கண்டியிலேயே ஒரு முன்னுதாரணம். 1980களில் நெதர்லாந்து உதவியோடு இங்கே வைக்கோலைத் தீவனமாக மேம்படுத்தும் ஆய்வுத் திட்டம் நடந்தது. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் அமோனியா நாரைத் தளர்த்தும்; மாடு அதிகம் தின்னும், அதிகம் செரிக்கும். ஆய்வு பிழையில்லை. அந்தத் திட்டத்தின் அனுபவத்தை வைத்து எழுதிய கைநூல் வெளிநாடுகளிலும் படிக்கப்பட்டது. ஆனால் கண்டி விவசாயியிடம் இந்த முறை பரவவில்லை. ஆண்டில் பெரும்பகுதி வீதியோரத்தில் பச்சைப்புல் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் வைக்கோலை யூரியாவில் ஊறவைக்க யாருக்கு மனம் வரும்? உலர்வலயத்துக்குப் பொருந்தியிருக்கும்.

திகனைக்கு அருகே மகாபெரியதென்னையில் அமைந்த மத்திய மலைநாட்டுக் கால்நடை அபிவிருத்தி நிலையம் வேறு வழியில் போனது. கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளில் சின்னச் சின்ன மாதிரிப் பண்ணைகளை உருவாக்கி, பால்மாடும் மிளகும் கோப்பியும் மரக்கறியும் சேர்த்து நடத்தி, வருமானத்தையும் வேலை நேரத்தையும் கணக்குப் பார்த்தது. எவ்வளவு பால் என்பதோடு எத்தனை மணி நேரம் என்றும் கேட்டதுதான் அந்த முயற்சியின் சிறப்பு.

அந்த மணி நேரம்தான் இன்று கழுத்தை நெரிக்கும் விடயம். நாளுக்கு 35 கிலோ புல் என்றால் இரண்டு தலைச்சுமை. சரிவில் ஏறி, அட்டைக்கடி வாங்கி, அறுத்துக் கட்டி இறக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகள் கண்டி நகரத்துக் கடைக்கோ கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்ட வீட்டில் அறுபது வயதுக்காரர் எத்தனை வருடம் புல் சுமப்பார்? உழவுக்கு லேண்ட்மாஸ்டர் இயந்திரம் வந்தபின் நாம்பன் கன்றுக்கு வேலையில்லை. விற்பதா வைத்திருப்பதா என்ற சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. நகரம் பரவி, வளவு நாலாகப் பிரிந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொட்டில் நாற்றத்துக்கு முறைப்பாடு எழுதுகிறார். இதற்கிடையில் குரங்கு. ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று 2023இல் அமைச்சர் ஒருவர் பேசும் அளவுக்குத் தேங்காயும் பழமும் பறிபோகின்றன. குரங்கு பெரிதாகத் தொடாதவை மிளகும் புல்லும். கோ-3 பரவுவதற்கு இதுவும் ஒரு தூண்டுதலாகலாம்.

தோட்டத் தொழிலாளர் நிலை இதைவிட இறுக்கமானது. கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்து லயங்களில் கொழுந்து பறித்துவிட்டு வந்து மாடு பார்க்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு. புல் தோட்டத்து நிலத்தில், தோட்டம் கண்டுகொள்ளாதவரை. பலருக்கு எருவும் ஒரு வருமானம்: மரக்கறிக்காரருக்கு விற்கிறார்கள், ஏனெனில் போடத் தங்களுக்கு நிலமில்லை. வீடமைப்புத் திட்டங்களில் பலருக்குக் கிடைத்தது ஏழு பேர்ச்சஸ், ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு கட்டினால் கொட்டில் கட்ட இடமில்லை. கொட்டில் கட்டினால் புல்லுக்கு இடமில்லை. ஒரு பசுவின் புல்லுக்கே இருபது பேர்ச்சஸ் வேண்டும் என்பதை மேலே பார்த்தோம். கொழுந்து எடுக்காமல் மானாப்புல் மூடிக்கிடக்கும் தோட்டச் சரிவுகள் மலைநாட்டில் எத்தனையோ இருக்கின்றன. மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அவற்றில் இருபது பேர்ச்சஸ் வீதம், சமவுயரக் கோட்டில் புல் வரிசை நடும் நிபந்தனையோடு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தால் மண்ணரிப்பும் குறையும், பாலும் கூடும். பால்மாத் தேவையில் பெரும்பகுதியை டொலர் கொடுத்து இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது கடினமான முடிவல்ல.

சிறு நிலத்திலிருந்தே மாட்டுக்கும் மண்ணுக்கும் தீனி தேடும் இந்தச் சிக்கல் வெப்பவலய நாடுகளில் கண்டிக்கு மட்டும் உரியதல்ல. கென்யாவின் மேட்டுநிலச் சிறுபண்ணைகளில் சோளத்துக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடியையும் சுற்றிலும் நேப்பியர் புல்லையும் நடுகிறார்கள். தண்டுதுளைப்பான் பூச்சியை டெஸ்மோடியம் விரட்டும், நேப்பியர் இழுத்துக்கொள்ளும். இரண்டும் மாட்டுத் தீவனம். டெஸ்மோடியம் காற்றிலிருந்து நைதரசனும் சேர்க்கும். 1990களில் தொடங்கிய இந்த முறை பரவியதற்கு ஒரு காரணம், சோளம் காக்கும் பயிரே மாட்டையும் காக்கிறது, தனி வேலை இல்லை என்பது. கண்டியில் அந்த இடத்தில் இருப்பது மிளகு ஏறும் கிளிரிசிடியா. அது ஏற்கெனவே வளவில் நிற்கிறது. வெட்டும் நாளையும் போடும் இடத்தையும் முறைப்படுத்தினால் போதும்.

மாடு வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லும் வரிசை, வழக்கமாக நடக்கும் வரிசைக்கு நேர் எதிர். முதலில் புல், பிறகு கூரையும் குழியும், கடைசியில் மாடு. கோ-3 தண்டுகளைப் பக்கத்துப் பண்ணையிலோ பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ கேட்டுப் பெறலாம். மழை தொடங்கும்போது நட்டால் 75 முதல் 90 நாளில் முதல் வெட்டு, அதன்பின் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை. கொட்டிலைக் கட்டி முடிக்க அந்த மூன்று மாதம் தாராளம்.